கட்டியது ஒன்று, காய்வது ஒன்று

போன வருடம் தீபாவளிக்கு முந்தைய மாதம், பாட்டி மதியத் தூக்கத்தில் இருந்த நேரம் பார்த்து, அவருடைய அலமாரியிலிருந்து இருபத்து மூன்று சேலைகளை எடுத்து மூன்று கறுப்புக் குப்பைப் பைகளில் கட்டினேன். பழைய துணிகளைப் போடுவதற்கென்று ஓர் அறநிறுவனம் சாலையோரத்தில் வைத்திருந்த தொட்டிக்குள் மூன்றையும் தள்ளிவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் மாமாக் கடையில் தே தாரிக் குடித்தேன். மனம் லேசாக இருந்தது. அந்த லேசைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருக்கிறது.

நான் திருடவில்லை, அம்மா சொல்லித்தான் செய்தேன். பாட்டிக்கு எண்பத்தெட்டு வயது. கிள்ளானில் தனியாக இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவோடு அடுக்குமாடி வீட்டுக்கு வரவிருந்தார். அவருக்கென்று ஒதுக்கிய அறையில் ஒரு கட்டிலும் ஒரு அலமாரியும்தான் வைக்க முடியும். பாட்டியிடம் மூன்று அலமாரிகள் இருந்தன. கட்டிலுக்கு அடியில் இரண்டு டிரங்குப் பெட்டிகள் வேறு. "நீதான் இதுல எக்ஸ்பர்ட் ஆச்சே. நீயே பாத்து கொறச்சுக் குடு," என்றார் அம்மா.

எக்ஸ்பர்ட் ஆனது எப்படியென்றால், அதற்குச் சில மாதங்கள் முன்னால் நான் கேப்சூல் வார்ட்ரோப் என்ற ஒன்றில் விழுந்திருந்தேன். கோலாலம்பூரில் வேலை கிடைத்து, பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தேன். ஒற்றைக் கதவு அலமாரி. துணி துவைக்கும் இயந்திரம் இல்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த துணிகளை எண்ணிப் பார்த்தால் தொண்ணூற்று நான்கு. அதில் நான் உண்மையில் போட்டது பதினைந்தோ பதினாறோ. மற்றதெல்லாம் 11.11 தள்ளுபடியில் வாங்கியது, யாரோ பரிசாகக் கொடுத்தது, மெலிந்த பிறகு போடலாம் என்று வைத்தது.

கேப்சூல் வார்ட்ரோப் என்பது எளிய யோசனைதான். சில துணிகளை மட்டும் வைத்துக்கொள்வது. அவற்றில் எதை எடுத்தாலும் மற்றொன்றோடு பொருந்த வேண்டும். காலையில் அலமாரி முன்னால் நின்று யோசிக்கக் கூடாது. அந்தச் சொல் 1940களின் அமெரிக்கப் பத்திரிகைகளிலேயே இருந்தாலும், அதைப் பரவலாக்கியவர் சூசி ஃபோ. 1970களில் லண்டனில் 'வார்ட்ரோப்' என்ற பெயரிலேயே ஒரு கடை வைத்திருந்தவர். காலத்தால் பழசாகாத சில அடிப்படை உடைகளை வாங்கிவிட்டால், பருவத்துக்குப் பருவம் ஓரிரண்டை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கொள்கை. இரண்டு காற்சட்டை, ஒரு கவுன் அல்லது பாவாடை, ஒரு ஜாக்கெட், ஒரு மேலங்கி, ஒரு கம்பளிச் சட்டை, இரண்டு ஜோடிக் காலணி, இரண்டு கைப்பை என்று போகும் பட்டியல். 1985இல் அமெரிக்க வடிவமைப்பாளர் டோனா கரன் 'செவன் ஈஸி பீசஸ்' என்ற பெயரில் ஏழே துண்டுகளை மேடையேற்றினார். உடலோடு ஒட்டிய ஒரு கறுப்பு உடைதான் அடிப்படை. அதன் மேல் பாவாடையைச் சுற்றலாம், ஜாக்கெட் போடலாம், அலுவலகத்திலிருந்து அப்படியே விருந்துக்குப் போகலாம். அப்போது வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த ஒரு தலைமுறைப் பெண்களின் காலை நேரத்தை அந்த ஏழு துண்டுகள் மிச்சப்படுத்தின. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கிள்ளான்காரிக்குக் கம்பளிச் சட்டை எதற்கு? ஆரம்பத்தில் இதைக்கூட யோசிக்காமல் பட்டியலைப் பட்டியலாகவே பின்பற்றினேன். பருவம் மாறுவதே இல்லாத ஊரில் பருவ உடை. துணிகளைக் குறைப்பதற்காகப் பதினொரு புதுத் துணி வாங்கினேன். எல்லாம் வெள்ளை, சாம்பல், மணல் நிறம். அவற்றைத் தொங்கவிட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது அறைக்கு வந்த பெரியம்மா ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாரு வீட்டுல சாவு?"

மணல் நிறச் சட்டை எனக்கு எடுக்கவும் இல்லை. வியர்வை பட்ட இடம் அப்படியே தெரிந்தது. இருந்தாலும் தொண்ணூற்று நான்கை முப்பத்து மூன்றாக்கிவிட்டேன் என்ற பெருமை. அந்தப் பெருமையோடுதான் பாட்டியின் அலமாரியைத் திறந்தேன்.

*

இரண்டு நாட்கள் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள், பசியாறிக்கொண்டிருக்கும்போது, "அந்த ஊதா வாயில் எங்க?" என்றார்.

நான் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பச்ச நைலக்ஸ், கரையில்லாதது. அது எங்க? ஒன் பெரிய மாமா கல்யாணத்துக்கு பத்து ரோட்ல எடுத்த அரக்கு. சாமான்யமா கட்ட மாட்டேன் அத. மஞ்சப்பூ போட்ட ஜப்பான் சேலை. ஒங்கம்மா மொத தடவ வாங்கிக் குடுத்தாளே, சாம்ப கலரு..."

தோட்டங்களில் விடியற்காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். கிராணி ஒவ்வொரு பேராகக் கூப்பிட, வந்தவர்கள் குரல் கொடுப்பார்கள். பாட்டி அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டு போனார். இருபத்து மூன்றில் பத்தொன்பதைச் சொன்னார். எந்த வருடம், எந்தக் கடை, யார் கொடுத்தது, எதற்குக் கட்டியது. வராதவர்களின் பெயர்கள் மட்டும். அழவில்லை, திட்டவுமில்லை. கடைசியில் கேட்டார்: "சரி வுடு. யாராச்சும் கட்டுவாங்கல்ல?"

"கட்டுவாங்க பாட்டி," என்றேன். அப்படிப் போடப்படும் துணிகளில் பெரும்பகுதி மூட்டையாகக் கட்டி எடைக்கு விற்கப்படும் என்றும், சில துடைப்புத் துணியாகக் கிழிக்கப்படும் என்றும் எனக்குத் தெரியும். மறுநாள் அந்தத் தொட்டிக்குப் போய்ப் பார்த்தேன். காலியாக இருந்தது.

மிச்சமிருந்ததை எண்ணினோம். நூற்றுப் பதினெட்டு. இருபது வருடமாகத் தொடாதவை அதில் பாதிக்கு மேல். சிலவற்றில் விலைச்சீட்டு இன்னும் இருந்தது. சிக்கனமான பாட்டி, ஊதாரிப் பேத்தி என்ற கதையைத்தான் நமக்குச் சொல்லிப் பழக்கம். எங்கள் வீட்டில் அது தலைகீழாக இருந்தது. ஏன் இத்தனை என்று அப்போதுதான் அவரிடம் முதன்முறையாகக் கேட்டேன்.

"எங்கம்மாளுக்கு ரெண்டுதான்," என்றார். "கட்டுனது ஒண்ணு, காயுறது ஒண்ணு."

*

பாட்டியின் அம்மா சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இரண்டுதான் என்று பாட்டி சொன்னாலும், விசாரித்தால் கணக்கு அவ்வளவு சுருக்கமாக இல்லை. மரத்துக்குப் போகும் துணி தனி. ரப்பர் பால் துணியில் பட்டுக் காய்ந்தால் போகாது; நாளாக நாளாகக் கறுத்து, தடித்து, துணி தோல்போல ஆகிவிடும். நாற்றமும் விடாது. ஆகவே நைந்துபோன சேலையை முழங்கால்வரை ஏற்றிக் கட்டி, கொசுவுக்காகப் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையை மேலே போட்டு, தலையில் ஒரு துண்டு. அது துணிக்கணக்கில் சேராது. துணி என்றால் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுக் கட்டுவது. அதுதான் இரண்டு. மூன்றாவதாகப் பெட்டியில் ஒன்று, கல்யாணச் சேலை. அதைத் திருவிழாவுக்கும் சாவுக்கும் தவிர எடுப்பதில்லை. புதுத்துணி தீபாவளிக்குத் தீபாவளி, அதுவும் கடனுக்கு.

1930களில் தோட்டத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு ஐம்பது காசு நல்ல கூலி. பெண்ணுக்கு அதிலும் குறைவு. அதில் துணி எத்தனை வாங்க முடியும் என்பது ஒரு காரணம். ஆனால் பாட்டி பேசப் பேச எனக்கு வேறொன்று புலப்பட்டது. அந்த இரண்டு என்ற எண்ணை முடிவு செய்தது கடை மட்டுமில்லை. துவைக்கும் கல்லும் கொடியும்தான். விடியுமுன் பெரட்டு, முற்பகல்வரை வெட்டு, பிறகு பால் எடுத்து நிறுவைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. மதியத்துக்கு மேல்தான் லயத்துத் தண்ணீர்க் குழாயடிக்கு வர முடியும். அன்று கட்டியதை அன்றே துவைத்து, மாலை மழைக்குள் காயவைத்துவிட்டால் இரண்டு போதும். மழை முந்திக்கொண்டால் ஈரத்தையே கட்ட வேண்டும். "எங்கம்மாகிட்ட எப்பவும் ஈர வாசம் அடிக்கும். மத்த வாசம் எனக்கு ஞாபகம் இல்ல," என்றார் பாட்டி.

எத்தனை துணி வேண்டும் என்பது முதலில் ஒரு சலவைக் கணக்கு. இதை எந்தப் பட்டியலும் எனக்குச் சொல்லவில்லை.

அதே தோட்டத்தின் மேட்டில், பங்களாவில், கணக்கு நேரெதிராக இருந்தது. மலாயாவுக்குப் புதிதாக வரும் வெள்ளையர்கள் வெள்ளை உடுப்புகளை டசன் கணக்கில் தைத்துக்கொள்வது வழக்கம். கழுத்துவரை பொத்தான் வைத்த வெள்ளை மேற்சட்டை ஒன்று உண்டு. மூடு என்ற பொருளுடைய மலாய்ச் சொல்லையே எடுத்து அதை 'துத்துப்' என்றார்கள். இந்த வெயிலில் வெள்ளையை ஒரு நாளைக்கு மேல் போட முடியாது. சிலர் இரண்டு முறை மாற்றினார்கள். மாற்ற முடிந்ததற்குக் காரணம், அவர்கள் துவைக்கவில்லை. துவைக்க டோபி இருந்தார்.

சிங்கப்பூரில் டோபி காட் நிலையத்தில் ரயில் மாறும் நண்பர்களில் எத்தனை பேருக்கு அது சலவைத்துறை என்று தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று ரயில் தடங்கள் சந்திக்கும் அந்த இடத்தில் ஒரு காலத்தில் ஓர் ஓடை ஓடியது. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கே துவைத்துப் பக்கத்துத் திடலில் காயப்போட்டார்கள். பினாங்கிலும் ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் டோபி காட் என்ற பெயரில் ஒரு குடியிருப்பு உண்டு. கடல் தாண்டி வந்தால் சாதி கரைந்துவிடும் என்பார்கள். கரையாமல் தொழிலாகக் கூடவே வந்து, தெருவுக்குப் பெயரும் வைத்துவிட்டுப் போனது இது. ஒரு துரையின் அலமாரியில் இருபது வெள்ளைச் சட்டை தொங்கினால், எங்கோ ஒரு குடும்பம் இடுப்பளவு தண்ணீரில் நின்றது என்று அர்த்தம்.

*

பாட்டி 1937இல் பிறந்தவர். ஜப்பான்காரன் வந்தபோது நான்கு வயது. அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது மரவள்ளிக்கிழங்கைத்தான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். பாட்டி துணியைச் சொன்னார்.

மலாயாவில் அன்று பெயர் சொல்லும்படி நெசவாலைகள் இல்லை. துணி கப்பலில் வந்துகொண்டிருந்தது: இங்கிலாந்திலிருந்து, இந்தியாவிலிருந்து, ஜப்பானிலிருந்தே கூட. போர் அதை நிறுத்தியது. இருந்த துணி கறுப்புச் சந்தைக்குப் போனது. தோட்டத்து மக்கள் சாக்கைப் பிரித்துத் தைத்துக் கட்டினார்கள். பாட்டிக்கும் ஒரு சாக்குப் பாவாடை. "அரிக்கும். ஒக்கார முடியாது. ஒக்காந்தா பின்னாடி பூரா தடிச்சிக்கும்," என்றார். பெரியவர்களுக்கு வேறொரு ஏற்பாடு. பாட்டியின் அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் சேர்த்து, வெளியே கட்டிப் போகும்படியாக ஒரே சேலைதான் மிஞ்சியிருந்தது. ஒருவர் கடைக்குப் போனால் இன்னொருவர் திரும்பி வரும்வரை லயத்துக்குள்ளேயே சாக்கைச் சுற்றிக்கொண்டு இருப்பார். யாராவது கூப்பிட்டால், கதவைத் திறக்காமலே உள்ளிருந்து பதில் சொல்வார்களாம்.

இதே வருடங்களில் லண்டனில் என்ன நடந்தது என்று தேடிப் படித்தேன். பிரிட்டனில் துணிப் பங்கீடு 1941 ஜூன் 1இல் தொடங்கியது. முதல் வருடத்துக்கு ஆளுக்கு 66 கூப்பன். ஒரு கவுனுக்குப் பதினொன்று, ஆணின் சட்டைக்கு எட்டு, பெண்ணின் காலணிக்கு ஐந்து. கூடவே 'சிசி41' என்ற முத்திரையோடு அரசாங்கமே வடிவம் வகுத்த சிக்கன உடைகள் வந்தன. தேவையில்லாத மடிப்பு, பை, பொத்தான் எல்லாம் வெட்டப்பட்டன. 1943இல் 'மேக் டூ அண்ட் மெண்ட்' என்று ஒரு கையேடு: இருப்பதை ஒட்டுப்போட்டு உடுத்துவது எப்படி. பங்கீடு 1949இல்தான் முழுதாக முடிந்தது. குறைவான துணி, நல்ல துணி, ஒன்றோடு ஒன்று பொருந்தும் துணி என்ற எண்ணம் ஆங்கிலேயப் பெண்களிடம் ஊறியதில் இந்த எட்டு வருடங்களுக்குப் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். சூசி ஃபோவின் கடைக்குள் நுழைந்தவர்களில் பலர் அந்தக் கூப்பன் வீடுகளில் வளர்ந்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அங்கே பற்றாக்குறை ஒரு சட்டமாக வந்தது. எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கை, கையில் ஒரு புத்தகம். அந்தச் சாம்ராஜ்யத்துக்கு ரப்பர் வெட்டிக் கொடுத்தவர்களுக்கு இங்கே சாக்கு.

1943 அக்டோபர் 17இல் சயாம் ரயில்பாதையின் இரு முனைகளும் ஒன்று சேர்ந்தன. 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். கட்டிப் போன துணி மழையிலும் சேற்றிலும் மட்கிய பிறகு சாக்குத் துண்டையும் கோவணத்தையும் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள். சரியாக ஐந்து நாள் கழித்து, அக்டோபர் 22இல், சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தோட்டத்துப் பெண்களும் அதில் சேர்ந்தார்கள். காக்கிச் சட்டை, காக்கிச் சிலுவார், தொப்பி. சிங்கப்பூரில் மருத்துவமனை நடத்திக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமிக்கும், நேற்றுவரை உளியும் வாளியுமாகத் திரிந்த பெண்ணுக்கும் ஒரே காக்கி. அரசியலை விட்டுவிட்டுத் துணியை மட்டும் பார்த்தாலும், சாக்குக் காலத்தில் முழுதாகத் தைத்த ஒரு சட்டையை அந்தப் பெண் மாட்டிப் பார்த்த தருணம் எனக்குச் சாதாரணமாகத் தெரியவில்லை. குறைந்த துணிதான். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வரலாம்.

*

பாட்டியின் வீட்டில் போரைத் தாண்டி மிஞ்சியது அவருடைய அப்பாவின் கைலி ஒன்று. சாக்குக்குப் பதில் அதைப் போர்த்திக்கொண்டு தூங்குவதற்குப் பிள்ளைகளுக்குள் சண்டை நடக்குமாம். மலாய்க்காரர்கள் கைலியைக் காயின் பெலேகாட் என்பார்கள். பெலேகாட் என்பது பழவேற்காடு. வெள்ளைக்காரன் வாயில் புலிகாட். சென்னைக்கு வடக்கே உள்ள அந்தத் துறைமுகத்தில் 1613இல் டச்சுக்காரர்கள் ஒரு கோட்டை கட்டினார்கள். சோழமண்டலக் கரைத் துணியைக் கொடுத்துக் கீழை நாடுகளின் வாசனைப் பொருட்களை வாங்கினார்கள். அவர்களுக்கு முன்பே நம் மரக்காயர் வணிகர்கள் இந்தக் கடலில் துணி விற்றவர்கள். அப்படி வந்த கட்டம் போட்ட துணி ஊர்ப் பெயரோடு இங்கேயே தங்கிவிட்டது. நான் பார்த்தவரை உண்மையான கேப்சூல் உடை கைலிதான். தைத்த ஒரு குழாய், எந்த அளவு இடுப்புக்கும் சேரும். கட்டலாம், குளிக்கலாம், போர்த்தலாம், பிள்ளைக்குத் தூளி போடலாம், சன்னலுக்குத் திரையாக்கலாம். கிழிந்தால் கரித்துணி. டோனா கரனுக்கு ஏழு துண்டு தேவைப்பட்டது.

போருக்குப் பிறகு பாட்டியும் பதினைந்து வயதில் மரம் வெட்டப் போனார். அவரிடமும் இரண்டு சேலைதான். அது மாறியது அறுபதுகளில், நைலான் சேலைகள் வந்த பிறகு. பருத்திச் சேலையைப் பிழியவே இரண்டு பேர் வேண்டும். நைலானை உதறினால் பாதி ஈரம் போய்விடும். கஞ்சி வேண்டாம், பெட்டி போட வேண்டாம், ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அன்றைக்கு வந்தவற்றில் ஜப்பானிலிருந்து வந்த பூப்போட்ட சேலைகளுக்கு மலாயா முழுக்கக் கிராக்கி. "அவன் வந்தப்ப சாக்கு கட்டுனோம். அப்பறம் அவனே சேல அனுப்புறான்," என்று பாட்டி சிரித்தார். தொட்டிக்குள் நான் போட்ட மஞ்சள்பூச் சேலை அதில் ஒன்று. அவர் வாங்கிய முதல் ஜப்பான் சேலை அது என்பதை அப்போதுதான் சொன்னார்.

சலவைக் கணக்குப்படி பார்த்தால் நைலானுக்குப் பிறகு ஒரு சேலையே போதும். வரலாறு அப்படிப் போகவில்லை. சுலபமாகக் காயும் துணி மலிவாகவும் இருந்தது. இரண்டு நான்கானது, நான்கு பெட்டி நிறைந்தது. பாட்டியின் பிள்ளைகள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் ஆளுக்கொரு சேலை எடுத்துக் கொடுத்தார்கள். தோட்டம் வீடமைப்புத் திட்டமாகி லயத்தைக் காலி செய்தபோது தட்டுமுட்டுச் சாமானில் பாதியை விட்டுவிட்டு வந்தவர், டிரங்குப் பெட்டிகளை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு லாரியில் வந்தாராம். கட்டாத சேலைகளை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று மறுபடியும் கேட்டேன். இம்முறை கொஞ்சம் கோபமாகவே பதில் வந்தது.

"கட்டுறதுக்கா வச்சிருக்கேன்? இருக்குன்னு வச்சிருக்கேன்."

எனக்கு அந்தக் கோபம் தேவைப்பட்டது. இல்லாததால் இரண்டு சேலையோடு இருந்தவரையும், இருப்பதில் சலித்து முப்பத்து மூன்றுக்கு வந்த என்னையும் ஒரே தட்டில் வைத்து, 'நம் முன்னோர்கள் அன்றே மினிமலிஸ்டுகள்' என்று ஒரு கட்டுரை எழுதியிருப்பேன். அப்படிப்பட்ட கட்டுரைகள் வந்துகொண்டும் இருக்கின்றன. கொள்ளுப்பாட்டி அதைப் படித்தால் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. அநேகமாகக் கதவைத் திறக்காமலே பதில் சொல்வார்.

*

நான் கேப்சூலை விட்டுவிடவில்லை. ஒற்றைக் கதவு அலமாரி இன்னும் அதேதான். ஆனால் இப்போது பட்டியலிலிருந்து தொடங்குவதில்லை. ஒரு மாதம் எதையும் வாங்காமல், எதையும் வீசாமல், போட்டதை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். வாரம் ஒருமுறைதான் துவைக்கிறேன் என்பதால் வேலைக்கு ஏழு மேலாடை, அவற்றோடு மாற்றி மாற்றிப் போட மூன்று சிலுவார். வீட்டுக்கும் தூக்கத்துக்கும் பழைய டீசட்டை மூன்று, கைலி ஒன்று. பதினான்கு. இதற்கு வெளியே, கொள்ளுப்பாட்டியின் பெட்டிபோல, ஒரு தனி மூலை: கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் இரண்டு சேலை, அலுவலக ஹரிராயா விருந்துக்கு ஒரு பாஜு கூரோங், சாவு வீட்டுக்கு ஒரு வெள்ளைச் சுடிதார். சாவு வீட்டை எந்தப் பட்டியலும் சேர்ப்பதில்லை. நம் ஊரில் அது இல்லாமல் முடியாது. திடீரென்று வரும், அன்றைக்குக் கடைக்கு ஓட முடியாது. மணல் நிறத்தை விட்டுவிட்டு, ஏற்கெனவே அதிகம் இருந்த கருநீலத்தையும் அரக்கையும் வைத்துக்கொண்டேன். மிஞ்சியதைத் தொட்டியில் போடவில்லை. யார் போடுவார்களோ அவர்களிடம் கேட்டு, கையில் கொடுத்தேன். இரண்டு மாதம் ஆனது.

பாட்டியின் நூற்றுப் பதினெட்டும் புது வீட்டுக்கு வந்துவிட்டன. கட்டிலுக்கு அடியில் பெட்டிகள், அம்மாவின் அலமாரியில் பாதி, என் பழைய அறையில் மீதி. அம்மாவுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்தான். மாதத்துக்கு ஒருமுறை போய் எல்லாவற்றையும் வெளியில் எடுத்து, காற்றாடவிட்டு, மடிப்பை மாற்றி மடித்து வைக்கிறேன். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்த இடத்தில் இற்றுவிடும் என்று பாட்டி சொல்லிக் கொடுத்தார். மடிக்கும்போது அவர் சொல்லும் வருடங்களையும் கடைகளையும் அந்த நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இதுவரை நாற்பத்தாறு சேலை ஆகியிருக்கிறது.

என் துணிகளைத் துவைப்பது பிரிக்ஃபீல்ட்ஸில் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் ஒரு சுயசேவைக் கடையில். பலகையில் பெரிதாக 'டோபி' என்று மலாயில் எழுதியிருக்கிறது. ஆள் யாரும் இல்லை, எட்டு இயந்திரங்கள் மட்டும். ஞாயிற்றுக்கிழமை இரவு துணியைப் போட்டுவிட்டு, அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து பாட்டிக்குப் போன் செய்வது வழக்கம். போன வாரம் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "என்ன, மில்லுல வேல செய்யிறியா?" என்றார். துணி துவைக்கிறேன் என்றேன்.

"எத்தன?"

"பதினாலு, பாட்டி."

"ஒரு வாரத்துக்கா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. மனசுக்குள் கூட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"மழ வந்தா?"

காயவைக்கும் இயந்திரமும் இருக்கிறது என்றேன். அது எவ்வளவு நேரத்தில் காயும், என்ன விலை, சேலையும் போடலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் கதவுக்கண்ணாடி வழியாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது, கைலி மேலே வந்து வந்து போனது.